வெறுங்கை

பாக்கறதுன்னா நல்லாவே பாத்துக்குங்க தம்பி. அரைக்கண்ணுல பாக்கறது, நான் திரும்புனா சன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கறது, அதுதான் எனக்கு ஆகாது. கோபியில ஏறுனதுல இருந்து இதே வேலையா இருக்கறீங்க. இந்தாங்க, ரெண்டு கையும். முழங்கைக்குக் கீழ கொஞ்ச தூரம் ஒரு நெறம், அப்புறம் கருகருன்னு வேற நெறம், நடுவுல காப்புப் போட்டாப்ல தழும்பு. தேமல் இல்லீங்க. தீக்காயமும் இல்லீங்க. இது வேற ஒரு பையனோட கை. அவன் செத்துப்போயிட்டான். அவன்ற கையை எடுத்து எனக்கு வெச்சுத் தெச்சிருக்கறாங்க.

ஒதுங்கி உக்காராதீங்க, ஒட்டிக்காது.

அந்தத் தண்ணி பாட்டில் மூடியைக் கொஞ்சம் திருகிக் குடுங்க. மாத்திரை நேரம். இதைத் திங்காம உட்டா ஒடம்பு கையைத் தள்ளி உட்ருமாம். சாவற வரைக்கும் திங்கோணும். ஒடம்புக்கு நல்லாத் தெரியுது பாருங்க, இது நம்முளுது இல்லைன்னு. ஊர்க்காரங்களுக்கும் தெரியுது. எனக்கு மட்டும்தான் டாக்டருங்க உக்கார வெச்சு, "உங்க கைதான், உங்க கைதான்"னு சொல்லிக் குடுக்கறாங்க.

பேரு சென்னியப்பன். ஒயர்மேன் சென்னியப்பன்னா ஒரு காலத்துல எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இப்ப அந்தப் பேரைச் சொல்லி வழி கேட்டீங்கன்னா ஆருக்கும் தெரியாது. கைக்காரர் வீடு எதுன்னு கேக்கோணும்.

திருப்பூருதான் போறேன். என்ற புள்ளை தேன்மொழிக்கு நேத்து குழந்தை பொறந்திருக்குது. பொம்பளப் புள்ளை. அதுக்குச் சேனை வைக்கோணும்னு சம்பந்தி கூப்புட்டிருக்கறாரு. சேனை தெரியுமில்லீங்க? பொறந்த குழந்தை நாக்குல மொத சொட்டு இனிப்புத் தண்ணி தொட்டு வைக்கறது. வைக்கறவங்க கொணம் குழந்தைக்கு வரும்பாங்க. அதனால கண்டவங்களைக் கூப்புட மாட்டாங்க, ஆளைப் பாத்துத்தான் கூப்புடுவாங்க. இப்ப இந்தக் கையில நான் தொட்டு வெச்சா ஆரு கொணம் வரும்? என்றதா, செத்தவன்றதா? சொல்லுங்க. படிச்சவராத்தானே தெரியறீங்க.

சிரிக்காதீங்க. சம்பந்தி வைங்கறாரு. என்ற புள்ளை வேண்டாங்குது. சேனைத் தண்ணி இந்தச் சட்டைப் பையில இருக்குது, என்ற வீட்டுக்காரி கருப்பட்டி கரைச்சுச் சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுத்து அனுப்பியிருக்கறா. திருப்பூர் போய்ச் சேர்றதுக்குள்ள வைக்கறதா வேண்டாமான்னு நான் ஒரு முடிவுக்கு வரோணும். இல்லைன்னா பஸ் ஸ்டாண்டுலயே சம்பந்தி கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருவாரு.

மொதல்ல இருந்து சொல்லறேன். அப்பத்தான் உங்களுக்கு நாயம் புரியும்.

எனக்குக் கைராசி கெடையாது. நான் சொல்லலைங்க, ஊர் சொல்லுச்சு. ஆரோ ஒருத்தர் கிணத்துக்கு மோட்டார் மாட்டுனேன், அந்த வருசம் கிணறு வத்திப்போச்சு. மழை பேயல, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? ஒரு ஓட்டல் தெறந்தன்னைக்கு மொத டீ நான் குடிச்சேன், ஓட்டல் மூடிட்டாங்க. அவன் டீ அப்படி. ஆனா பேரு எனக்கு. காலையில கடைக்குப் போனா, "இன்னும் போணி ஆகலைங்க, சித்த நேரம் கழிச்சு வாங்க"ம்பாங்க. மொத யாவாரம் என்ற கையில ஆயிரக் கூடாதாம். தீப்பெட்டி வாங்கப் போனவன் தெருமுக்குல நின்னு, வேற ஆராவது போயி வாங்கற வரைக்கும் பாத்துட்டு அப்புறமாப் போவேன். பழகிப்போச்சு. மத்தவங்களுக்கு எப்படியோ, எனக்கு வெயில் ஏறுனாத்தான் பொழுது விடியும்.

அட, அதை விடுங்க. என்ற புள்ளை பொறந்தப்ப அதுக்குச் சேனை வெச்சது என்ற மச்சினன். நான் அப்பன். என்னையக் கதவுக்கு வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க. "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க, ஒரு நிமிசம்"னு மாமியார் கதவைச் சாத்துனாங்க. உள்ள எல்லாரும் சிரிக்கறாங்க, குழந்தை சப்புக் கொட்டுதுன்னு பேசிக்கறாங்க. நான் வெளிய நின்னு சொவுத்துல இருந்த பல்பைப் பாத்துட்டு நின்னேன். அதுவும் நான் மாட்டுன பல்புதான்.

அதுக்காக அவன் கொணம் வந்துச்சான்னா, ஒண்ணும் வரல. மச்சினன் எல்லாத்துக்கும் இளிச்சுக்கிட்டே தலையாட்டற ஆளு. என்ற புள்ளை அப்படிக் கெடையாது. புடிச்ச புடி விடாது. கோபம் வந்துச்சுன்னா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டுப் பேசாம உக்காந்துக்கும். அப்படியே நான்தான். தொடாமலேயே எப்படி வந்துச்சோ, போங்க.

சரி, கைக்கு வர்றேன். ஒரு தோட்டத்துல லைன் குடுக்கப் போனேன். "ஃபியூஸ் புடுங்கியாச்சுங்க, ஏறுங்க"ன்னாரு தோட்டத்துக்காரரு. புடுங்கல. கரண்டு தூக்கி அடிச்சுருச்சு. கண்ணு முழிச்சுப் பாக்கறேன், ரெண்டு கையும் முழங்கைக்குக் கீழ இல்லை. ராசியில்லாத கை தானா போயிருச்சுன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்களாம். என்ற காதுக்கே வந்துச்சு. கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறதும்பாங்கல்ல, அப்படி நிக்கக்கூட வழியில்லாம நின்னேன்.

துளசிமணிதான் எல்லாம் பாத்தா. என்ற வீட்டுக்காரி. சோறு ஊட்டுவா, குளிப்பாட்டுவா, கழுவி விடுவா. குறை சொல்லக் கூடாது. ஆனா ஊட்டறப்ப பேசிக்கிட்டே ஊட்டுவா. நான் பதில் சொல்ல வாயைத் தெறந்தா அடுத்த வாயி உள்ள வந்துரும். ரெண்டு வருசம் அப்படி. மூக்கு அரிச்சா சொவுத்துல தேச்சுக்குவேன். ஈ உக்காந்தா ஊதுவேன்.

என்ற புள்ளை நர்ஸுங்க. அதுதான் கேட்டு விசாரிச்சு, கையைக்கூட இப்பெல்லாம் மாத்தி வைக்கறாங்கன்னு கண்டுபுடிச்சு, என்ற பேரைப் பதிஞ்சுச்சு. எனக்கு இஷ்டமே இல்லை. பொணத்துக் கையான்னு கேட்டேன். "அப்பா, நாளைக்கு எனக்கு ஒரு குழந்தை பொறந்தா, அதைத் தூக்கறதுக்காவது உங்களுக்குக் கை வேண்டாங்களா?"ன்னு கேட்டுச்சு. அப்ப அதுக்குக் கலியாணமே ஆகல. எதுக்கோ சொல்லுதுன்னு தலையாட்டிட்டேன்.

ஒரு நாள் ஃபோன் வந்துச்சு. திண்டிவனம் பக்கம் ஒரு பையன் பைக்குல போறப்ப அடிபட்டு மூளைச்சாவு. இருபத்தி மூணு வயசு. வாங்கன்னாங்க, போனேன். கண்ணு முழிச்சுப் பாத்தா கை இருக்குது. கட்டுக்கு வெளிய விரல் நுனி மட்டும் தெரியுது. நகம் கடிச்சிருந்துச்சுங்க. நான் நகம் கடிக்க மாட்டேன்.

அந்த நகத்தைப் பாத்துத்தான் அழுதேன். எதுக்குன்னு இப்பவும் தெரியல.

அப்புறம் மனசு டாக்டரம்மா ஒருத்தங்க. மெட்ராஸ்காரங்க. காலையில எந்திரிச்சதும் கையைப் பாத்து, "இது என் கை"ன்னு சத்தமாச் சொல்லோணும்னாங்க. நான் நம்ம ஊர்ப் பேச்சுல, "இது என்ற கை"ன்னேன். "என்ற கைன்னா எந்தக் கை?"ன்னு கேட்டாங்க. "அம்மா, என்றன்னா எங்க பக்கம் என்னோடதுன்னு அர்த்தமுங்க"ன்னேன். ஆனா அவங்க கேட்டது நல்ல கேள்விங்க. எந்தக் கைன்னு எனக்கே தெரியல. அதுல இருந்து நான் என்ற கைன்னு சொல்றதில்லை. கை வலிக்குது, கை அரிக்குது, அவ்வளவுதான். சட்டைங்கற மாதிரி, செருப்புங்கற மாதிரி. அட, செருப்பைக்கூட என்ற செருப்புன்னுதான் சொல்றேன்.

டாக்டருங்களைச் சொல்லிக் குத்தமில்லை. தங்கமானவங்க. மேடையில ஏத்தி, சட்டைப் பித்தானைப் போடச் சொல்லுவாங்க. தட்டுத் தடுமாறி ஒரு பித்தான் போட்டா எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டறாங்க. அதுக்கு முன்னால வாழ்க்கை பூராம் பித்தான் போட்டிருக்கறேன், ஒருத்தன் தட்டல. இன்னொண்ணு, கண்ணை மூடச் சொல்லிட்டு, எந்த விரலைத் தொடறேன்னு கேப்பாங்க. பீச்சாங்கையில டக்குன்னு சொல்லிருவேன். சோத்துக்கைதான் மக்கு. நடுவுல ஒரு தடவ தடிப்புத் தடிப்பாச் செவந்து ஒடம்பு அதைத் தள்ளப் பாத்துச்சு, மருந்தைக் கூட்டி நிறுத்துனாங்க. அப்பப் போன உணர்ச்சி சரியாத் திரும்பல. சூடு தெரியும், அதுவும் மெதுவாத்தான் தெரியும். மோதிர விரல்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், கண்ணைத் தெறந்து பாத்தா டாக்டர் இன்னும் தொடவே இல்லைம்பாரு.

ரேசன் கடை மிசின்ல விரல் வெச்சா நீ சென்னியப்பன் இல்லைங்குது. கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கறேன். பவானிக் கூடுதுறையில ஒரு ரேகை பாக்கறவரு கையைப் பாத்துட்டு, "ஆயுசு கெட்டி, எண்பதைத் தாண்டும்"னாரு. இது இருபத்தி மூணுல செத்தவன் கைங்கன்னேன். மனுசன் அசரணுமே! "கை இன்னும் உசிரோடதானுங்களே இருக்குது?"ன்னுட்டாரு.

அது வரைக்கும்கூட சமாளிச்சுட்டேன். நாச்சிமுத்து வாழைப்பழக் கடையிலதான் வினை வந்துச்சு.

வெறும் வயித்துல மாத்திரை போடக்கூடாது. விடியால ஒரு பழம் வாங்கலாம்னு போனேன், பழைய பழக்கத்துல தள்ளியே நின்னேன். கடையில நாச்சிமுத்து மருமக இருந்துச்சு. ஊருக்குப் புதுசு, நான் ஆருன்னு தெரியாது. "என்னங்க வேணும், வாங்க"ன்னு கூப்புட்டு ஒரு பழத்தைக் குடுத்துருச்சு. போணி நான். அன்னைக்குன்னு பாத்து ஏதோ கோயில் கூட்டம் வண்டி வண்டியா வந்து, கடையில இருந்த தார் பூராம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. மத்தியானம் நாச்சிமுத்து என்ற வீட்டுக்கு ஓடியாந்தான். கையைப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"சென்னியப்பா, இது உன்ற கை இல்லையில்ல?"

"இல்லை"ன்னேன்.

"அதான்!"னான்.

அந்த அதான்லதானுங்க நான் முடிஞ்சேன்.

மறுநாள் துணிக்கடைக்காரன் வந்தான். அப்புறம் நகைக்கடை, உரக்கடை. புதுசா போர் போடறவன், வண்டி வாங்குனவன், பரிச்சைக்குப் போற புள்ளைங்க. எல்லாரும் விடிகாலையில. சித்த நேரம் கழிச்சு வாங்கன்னு தொரத்துன அதே ஆளுங்க, விடியறதுக்கு முன்னால வாசல்ல நிக்கறாங்க. "கைக்காரர் எந்திரிச்சுட்டாருங்களா?"ங்கறாங்க. சந்தோசமா இருந்துச்சான்னு கேக்கறீங்களா? இருந்துச்சுங்க, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் இருந்துச்சு. அப்புறம் பாத்தா, ஒருத்தன்கூட என்ற மூஞ்சியைப் பாத்துக் கும்புடலை. கும்புட்டுட்டு நேரா கீழதான் பாக்கறான்.

துளசிமணி பனியன் துணியில கைக்கு ஒறை தெச்சுட்டா. வெயில் படக்கூடாது, கொசு கடிக்கக்கூடாது. வீட்டுல ஒரு சுவிட்சு மாத்தலாம்னு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். ஆசையா இருந்துச்சுங்க, கை வந்ததே அதுக்குத்தானே? ஓடியாந்து புடுங்கிட்டா. "ஏனுங்க, கைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"ன்னு கேட்டேன்.

"உங்களுக்கென்ன, நல்லாத்தானே இருக்கறீங்க?"ன்னா.

கை இல்லாதப்பவும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தேன். கை வந்தும் வீட்டுக்குள்ளதான். போணிக்கு வரமாட்டேன்னு ஊர்க்காரங்ககிட்டச் சொல்லிப் பாத்தேன். "செத்தவன் நாலு பேருக்கு ஒதவட்டும்னு குடுத்த கையி, நீங்க பூட்டி வைக்கறீங்களே"ங்கறாங்க. அதுக்கு மேல என்ன பேசறது? மாத்திரையை நிறுத்திரலாம், போகட்டும் சனியன்னு நெனைச்சேனுங்க. நெசமா நெனைச்சேன். அப்புறம் அந்த ரெண்டு வருசம் ஞாபகம் வந்துச்சு. மறுக்காலும் அவ ஊட்டோணும், அவ கழுவோணும். அந்தப் பக்கம் போனாலும் கதவு பூட்டியிருக்குது, இந்தப் பக்கம் வந்தாலும் பூட்டியிருக்குது. நான் எங்கீங்க போவேன்?

சம்பந்தி ஆறுச்சாமி திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறாரு. பொண்ணு பாக்க வந்தன்னைக்குப் பொண்ணைப் பாத்ததை விடக் கையைத்தான் அதிகம் பாத்தாரு. மாப்பிள்ளை நல்ல பையன், அது வேற. கலியாணம் ஆனதுல இருந்து புது மிசின் வந்தா என்னையக் கூப்புடுவாரு. மொத துணி நான் தள்ளோணும். நேத்தும் ஃபோன்ல என்ன சொன்னாருங்கறீங்க? "சம்பந்தி, பேத்தி பொறந்திருக்கறா, கையை எடுத்துட்டு வந்துருங்க"ங்கறாரு. குடையை எடுத்துட்டு வாங்கங்கற மாதிரி.

குன்னத்தூர் தாண்டிருச்சா? சரி, முக்கியமானதைச் சொல்லிடறேன்.

போன மாசம் அந்தப் பையனோட அம்மா வந்தாங்க. அஞ்சலைன்னு பேரு. பேப்பர்ல பாத்து விசாரிச்சுக்கிட்டு, அவ்வளவு தூரம் பஸ் மாறி வந்திருக்கறாங்க. ஒரு பை நெறையக் கடலைக்காய். மல்லாட்டைன்னாங்க, எங்களுக்குப் புரியல. வந்து உக்காந்தாங்க. துளசிமணி ஒறையைக் கழட்டி விட்டா. நான் மரியாதையாச் சோத்துக்கையை நீட்டுனேன். அவங்க அதைக் கண்டுக்கவே இல்லீங்க. பீச்சாங்கையை எடுத்துக் கன்னத்துல வெச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு விரலா முத்தம் குடுத்தாங்க. இந்தப் பக்கம் சோத்துக்கை அது பாட்டுக்கு என்ற மடியில கெடக்குது.

"அம்மா, இதுவும் அவன்றதுதானுங்க"ன்னேன்.

"அது எதுக்கும் ஒதவாதுண்ணே. எம்புள்ள பீச்சாங்கைக்காரன். சோறு துன்றது, எழுதறது, பந்து போடறது, என்னை அடிக்க ஓங்கறது, எல்லாம் இந்தக் கைதான்"னாங்க. சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. ஆனா கையை விடல. அந்தக் கைக்குத்தான் இன்னொரு தடவ முத்தம் குடுத்தாங்க. போறப்ப அதைப் பாத்து, "வர்றன்டா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. என்கிட்ட ஒண்ணும் சொல்லிக்கல.

அவங்க தெருவைத் தாண்டுனதுக்கு அப்புறம்தான் எனக்கு ஒறைச்சுது. நல்லாக் கேட்டுக்குங்க. ஊர் பூராம் எந்தக் கையில போணி பண்ணுச்சு? சோத்துக்கையில. பீச்சாங்கையில ஆராச்சும் வாங்குவாங்களா? அந்தச் சோத்துக்கையை அவன் ஒண்ணுக்குமே வெச்சுக்கலை. அப்ப அதுல அவன் ராசி எப்படி இருக்கும்? அப்ப அது ஆரு ராசி? என்ற ராசிங்க! என்றது! இத்தனை வருசமா ராசியில்லை ராசியில்லைன்னானுங்களே, எல்லாம் உள்ளதான் இருந்திருக்குது.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? கணக்கு சரியாத்தானே வருது? ராசிங்கறதே பொய்யின்னு சொல்ல வர்றீங்க, தெரியுது. நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன், அது என்றதுன்னு தெரியற வரைக்கும்.

துளசிமணிகிட்ட ஓடிப்போயிச் சொன்னேன். அவ வாசலை எட்டிப் பாத்துட்டு, "மெதுவாப் பேசுங்க, ஆராச்சும் கேட்டுறப் போறாங்க"ன்னா. "கேட்டா என்ன?"ன்னேன். "உங்க ராசின்னு தெரிஞ்சா அப்புறம் ஆரு கூப்புடுவாங்க?"ன்னா. என்ற பொண்டாட்டிங்க. அவ எனக்குக் கெட்டது நெனைக்க மாட்டா. அதனாலதான் அது அப்படிக் குத்துச்சு. அன்னைக்கு அழுதேன். கண்ணைத் தொடைக்கக் கையைத் தூக்குனேன், அதுக்குள்ள அவ ஒறையை மாட்டிட்டா.

இப்ப என்ற நெலமை புரியுதுங்களா? என்ற பேத்திக்குச் சேனை வைக்கோணும்னு எனக்கு எத்தனை ஆசைன்னு நெனைக்கறீங்க? அன்னைக்குக் கதவுக்கு வெளிய நின்னவன் நான். இன்னைக்குக் கூப்புடறாங்க. என்னையக் கூப்புடல, கையைத்தான் கூப்புடறாங்க, இருந்துட்டுப் போகட்டும், கையோட நானும்தானே உள்ள போவேன்? கதவைச் சாத்துனா நான் உள்பக்கம்தானே இருப்பேன்?

அந்த ஆசையிலதான் என்ற புள்ளை மண்ணைப் போட்டுருச்சு. நேத்து அதுவே பேசுச்சு. பெத்து ஒடம்பு ஓய்ஞ்ச குரல். பொறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு எதையும் குடுக்கக்கூடாது, அது ஆபத்து, நான் நர்ஸு, மாமாகிட்டயும் சொல்லிட்டேன், அவரு கேக்க மாட்டேங்கறாரு, நீங்களாவது கேளுங்கன்னுச்சு. அது வரைக்கும் சரி. கடைசியா ஒண்ணு சொல்லுச்சு பாருங்க. "அப்பா, நீங்க வெறுங்கையோட வாங்க. அது போதும்."

வெறுங்கை! எனக்கு ஏதுங்க வெறுங்கை? இருக்கறதே ஊரான் வீட்டுக் கை. இதைத் தெரிஞ்சேதானே சொல்லுச்சு? ராசிக் கை வேண்டாம், ஒரு கையும் வேண்டாம், நீ வெறும் ஆளா வந்து ஓரமா நின்னு பாத்துட்டுப் போன்னு அர்த்தம். தாய்ப்பால் அது இதுங்கறதெல்லாம் சாக்கு. ஊர் சொன்னதை என்ற புள்ளையும் சொல்லிருச்சு.

என்னங்க? வேற ஒண்ணும் கொண்டு வராதீங்கன்னுதான் அர்த்தமா? தம்பி, உங்களுக்குத் தெரியாது. நீங்க எங்க ஊர்ல பொறந்து, தீப்பெட்டி வாங்கறதுக்குத் தெருமுக்குல நின்னிருந்தீங்கன்னா, எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சிருக்கும்.

இருங்க, ஃபோன் அடிக்குது. பையில இருக்குது, கொஞ்சம் எடுங்க. பேரு பாருங்க. தேன்மொழியா? அமுக்குங்க. சத்தமா வைங்க, காதுல புடிக்க வராது.

"அப்பா, எங்க வர்றீங்க?"

"பெருமாநல்லூர் வரப்போகுது அம்மிணி."

"சாப்புட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

"பாப்பா முழிச்சுட்டிருக்குதுப்பா. விரலைக் குடுத்தா புடிச்சுட்டு விடவே மாட்டேங்குது. அப்படிப் புடிக்குது. நான் இன்னும் ஆரு கைக்கும் குடுக்கலைங்கப்பா. அத்தை கேட்டாங்க, மாமா கேட்டாரு, குடுக்கல. மொதல்ல எங்கப்பா தூக்கட்டும்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டாங்க. நீங்க அந்தத் தண்ணி கிண்ணி ஒண்ணும் கொண்டாராதீங்க. வெறுங்கையோட வாங்க."

"சரி அம்மிணி."

"அழுவறீங்களா?"

"இல்லை, சன்னல்ல காத்து. வை, வை."

...

ஒண்ணுமில்லீங்க. ஃபோனை நீங்களே உள்ள போட்டு விடுங்க.

அது பாருங்க, அப்படித்தான். புடிச்ச புடி. மாமனார் மாமியார் கேட்டுங்கூடக் குடுக்கலையாம். அப்புறம் அந்த வீட்டுல எப்படிப் பொழைக்கறதுன்னு ஒரு ரோசனை வேண்டாம்? ஆருகிட்ட இருந்து இந்தக் கொணம் வந்துச்சோ.

தம்பி, இந்தச் சட்டைப் பையில பாட்டில் இருக்குது பாருங்க, இந்த விரல் உள்ள நொழைஞ்சு எடுக்காது. நீங்களே எடுத்துருங்க. எடுத்து வெளிய ஊத்துங்க. வேண்டாம், வேண்டாம், பின்னால இருக்கறவங்க மேல தெறிக்கும். உங்க பையில போட்டுக்குங்க. கருப்பட்டித் தண்ணிதான், குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. துளசிமணிகிட்ட, சேனை வெச்சாச்சுன்னு சொல்லிக்கறேன். சம்பந்திக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல. எறங்குனதும் நேரா கையைத்தான் புடிப்பாரு. மனுசன் புடிச்சா விடமாட்டாரு. அவரும் ஒரு பாட்டில் வெச்சிருப்பாரு, பாத்துக்குங்க. அவரைத் தாண்டி நான் எப்படி உள்ள போகப்போறனோ.

கழட்டி மடியில வெச்ச இந்த ஒறையையும் பைக்குள்ள போட்டுறலாம். வெறுங்கையோடன்னு சொல்லியிருக்குது.

ஆனா எனக்கு இப்ப வேற ஒரு வெசனம் வந்துருச்சுங்க. பாப்பா விரலைப் புடிக்கும்னு சொல்லுச்சில்ல? பீச்சாங்கையைப் புடிச்சாப் பரவாயில்லை, தெரிஞ்சுரும். சோத்துக்கையைப் புடிச்சுதுன்னா? அத்தனூண்டு கை. அது என்னையத்தான் புடிச்சிருக்குதுன்னு நெனைச்சுட்டு இருக்கும். எனக்குத் தெரியவே தெரியாது. நான் எங்கியோ பாத்துட்டு, பேசிட்டு நிப்பேன்.

ஒரு ஒதவி பண்ணுங்க. பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள ஒரு தடவ பாத்துரலாம். சோத்துக்கை உங்க பக்கந்தான் இருக்குது. நான் கண்ணை மூடிக்கறேன். ஏதாவது ஒரு விரலைப் புடிங்க, மெதுவா, பச்சைக் குழந்தை புடிக்கற மாதிரி. எதுன்னு நான் சொல்றேன். நீங்க சொல்லிறாதீங்க.

மூடிட்டேன். புடிங்க.

இருங்க, இருங்க. கட்டை விரல்தானே? இல்லையா? பஸ் ஆடுதுல்ல, அதான். சுண்டு விரல். அதுவும் இல்லையா? என்னுமோ வெதுவெதுன்னு இருக்குதுங்க, வெயிலு உங்க பக்கம் வந்துருச்சாட்ட இருக்குது. சரி, வெளையாடாதீங்க, இன்னும் தொடவே இல்லைதானே? தொடுங்க தம்பி, திருப்பூர் வந்துரும்.

என்னது? முழுக் கையையுமா?

எப்ப இருந்துங்க?